தகுதியற்ற கணினியும் ஒரு சேலைன் போத்தலும்

மாரி தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு காலை, தேநீர்க் கோப்பையோடு கணினிக்கு முன்னால் வந்து இருந்தபோது, திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஓர் அறிவித்தல் நின்றது. என் கணினியில் உள்ள இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராதாம். புதிய பதிப்பை ஏற்க இந்தக் கணினிக்குத் தகுதி இல்லையாம். ஆகையால் புதிய கணினி ஒன்றுக்கு மாறிக்கொள்ளட்டாம். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போதே’, மற்றது ‘பிறகு நினைவூட்டு’. ‘மாட்டேன்’ என்று ஒரு பொத்தானைக் காணவில்லை.

இயங்குதளம் என்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கணினியின் பிரதம இலிகிதர். காலையில் முதலாவதாக வந்து கதவைத் திறந்து, யார் யாருக்கு என்ன வேலை, எந்தக் கோப்பு எங்கே என்று பங்கிட்டுக் கொடுக்கும் ஆள். அவர் இல்லாவிட்டால் கட்டடம் மட்டும் நிற்கும், அலுவலகம் நடக்காது. நானும் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகம் ஒன்றில் அந்தக் கதிரையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் தற்பெருமை உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகுதி என்ற சொல்லை வைத்துத்தான் நான் ஓய்வுபெறும் வரை சோறு தின்றேன். அரசாங்கத்தில் கால் உடைந்த ஒரு கதிரையைக்கூடச் சும்மா எறிய முடியாது. அதற்கென்று ஒரு சபை நியமிக்க வேண்டும். உத்தியோகத்தர்கள் நேரில் வந்து கதிரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவர்களில் துணிந்த ஒருவர் அதில் இருந்து பார்க்க வேண்டும். அவர் விழுந்தால்தான் ‘பாவனைக்கு உதவாது’ என்று கையொப்பம். என் கணினியை எவரும் வந்து பார்க்கவில்லை. ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு மேசையில் தீர்மானித்து, தீர்ப்பை மட்டும் அக்கராயன் கிராமத்தில் என் தேநீருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நடைமுறைப் பிழை. மேன்முறையீட்டுக்கு இடமுண்டு.

நானே சபையாகி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கினேன். திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. குசினிக்குப் போய், அடுப்படியில் கிடந்த பழைய சீலைத் துண்டில் மண்ணெண்ணெய் நனைத்துக்கொண்டு வந்து துடைத்தேன். அந்த மணம் எழும்பியதும் கணினி போய்விட்டது. நான் முல்லைத்தீவில் நின்றேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் என்பது மருந்து மாதிரி. சொட்டுக் கணக்கில்தான் கிடைக்கும். ஆனால் கச்சேரிக்கு வேலைக்குப் போக வேண்டும். ஆகவே எங்கள் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். ஆசுபத்திரியில் ஏற்றி முடிந்த சேலைன் போத்தல் ஒன்றைக் கைப்பிடியில் கட்டித் தூக்குவோம். அதற்குள் கொஞ்சம் பெற்றோல். அதன் குழாயின் மற்ற நுனி காபரேற்றருக்குள். போத்தலை ஓர் அமத்து அமத்தி, காலால் ஓர் உதை. எஞ்சின் இருமி, கனைத்து, பெற்றோலில் எழும்பும். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பிறகு பார்க்க வேண்டுமே, பின்னால் வெள்ளைப் புகை, கோயில் தேர் புறப்பட்ட மாதிரி. அலுவலகத்தில் எல்லாருடைய சட்டையிலும் அதே மணம். தட்டச்சு இயந்திரத்தின் மை வற்றிய நாடாவுக்கும் மண்ணெண்ணெய்தான் தொட்டு ஈரம் ஏற்றினோம் என்பதால், கொழும்புக்குப் போன எங்கள் கடிதங்களிலும் அது மணத்திருக்கும். அங்கே பிரித்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

என்னுடைய மோட்டார் சைக்கிள் எனக்கு அடங்காது. நான் உதைத்து உதைத்துச் செருப்பு அறுந்துபோகும். மலர் வருவாள். மலர் என் மனைவி யோகத்தின் தங்கை. அதே கச்சேரியில் தட்டச்சாளர். எங்களோடுதான் இருந்தாள். சேலைன் போத்தலை ஓர் அமத்து, ஓர் உதை. எழும்பிவிடும்.

“அத்தான், உது உங்களைக் கண்டால் லீவில நிக்குது. நான் வந்தால்தான் கையொப்பம் போடுது.”

“அதிகம் கதையாதை. பின்னால ஏறு.”

“என்னத்துக்குப் பின்னால? நீங்கள் பின்னால ஏறுங்கோ.”

அப்படித்தான் போவோம். பிரதம இலிகிதர் ஆகப்போகிறவர் பின்னால், கோப்புகளை மடியில் வைத்தபடி. தெருவில் நின்றவர்கள் சிரிப்பார்கள். அவள் கணக்கெடுக்க மாட்டாள்.

யுத்தத்தின் கடைசி நாட்களில், கடற்கரையோரம் கூடாரங்களுக்குள் எல்லாரும் நெருக்குப்பட்டுக் கிடந்தபோது, தண்ணீர் எடுக்கவென்று போனாள். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. எங்களிடம் தகவலும் இல்லை. யோகம் இன்றைக்கும் அவளைப்பற்றிக் கதைக்கும்போது இறந்தகாலத்தில் கதைப்பதில்லை.

திரும்பி ஊருக்கு வந்தபோது எங்களிடம் ஒரு படமும் மிச்சமில்லை. வன்னியில் எவரிடமும் இல்லை. பிறகு மெல்ல மெல்ல, எந்தக் காலத்திலோ வெளிநாட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பிய படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்தன. எங்கள் கலியாணப் படம் ஜேர்மனியில் இருந்து வந்தது. மகள் தவழும் படம் ஒன்று பாரிசில் இருந்து. மலரின் படம் மட்டும் எங்கும் இல்லை. நெடுங்காலத்துக்குப் பிறகு, அவளோடு வேலைசெய்த ஒரு பெண் தன் பிள்ளையின் பழைய புத்தகத்துக்குள் இருந்து ஒன்றைக் கண்டெடுத்துத் தந்தா. நாயாற்றுப் பாலத்தடியில், என்னுடைய மோட்டார் சைக்கிளில் இருந்துகொண்டு சிரிக்கிறாள். அந்தப் பெண் படத்தைத் திருப்பிக் கேட்டா. கணினியில் ஏற்றிக்கொண்டு கொடுத்துவிட்டோம். பிறகு அவாவும் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டா. ஆக, மலர் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்குப் படமாக இருந்தது என் கணினியில் உள்ள அந்த ஒரு கோப்புத்தான். யாருக்கும் அனுப்பக்கூடாது என்பது யோகத்தின் கட்டளை.

“ஃபோனில போட்டால் ஆளாளுக்கு அஞ்சலி எழுதுவினம். அவளுக்கு ஒருத்தரும் அஞ்சலி எழுதத் தேவையில்லை.”

இப்படி ஒரு கோப்பு இருக்கும் கணினியைத்தான் திரை எறியச் சொன்னது.

அன்று பின்னேரம் கனடாவில் இருந்து மகள் வீடியோவில் வந்தாள். பெட்டி திறந்து கிடப்பதைக் கண்டுவிட்டாள்.

“அப்பா, உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்கோ. நான் அனுப்புறன்.”

“நல்லாய் வேலை செய்யுது.”

“அது பாதுகாப்பில்லை அப்பா. புதுசுக்கு மாறுங்கோ. எல்லாத்தையும் கிளவுட்டில போட்டால் ஒண்டும் துலையாது. வீட்டில ஒண்டும் வைச்சிருக்கத் தேவையில்லை.”

அவள் நல்ல பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் பாதுகாப்பு, மாறுங்கோ என்ற இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து என் காதுக்குள் போடக்கூடாது. முல்லைத்தீவில் இருந்து முதலில் இடம்விட்டு எழும்பியபோதும் அதைத்தான் சொன்னார்கள். கிளிநொச்சியில் இருந்து எழும்பியபோதும் அதைத்தான் சொன்னார்கள். வானத்தில் இருந்து துண்டுப்பிரசுரமாக விழுந்தது, ஒலிபெருக்கியில் வந்தது, பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் சொன்னான். பாதுகாப்பான இடம் இன்னும் கொஞ்சம் அங்காலே இருக்கிறது, கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு வாருங்கள். போனோம். அது வேறொரு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. இடம் சொன்னவர்களில் ஒருவரும் எங்கள் பெட்டிகளைத் தூக்க வரவில்லை.

“பிள்ளை, நான் எழும்பமாட்டன்,” என்றேன்.

“ஆர் அப்பா உங்களை எழும்பச் சொன்னது? கம்பியூட்டரைத்தானே மாத்தச் சொன்னனான்.”

யோகம் குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தா. “விடு பிள்ளை. உன்ர கொப்பர் சுற்றறிக்கை எழுதத் தொடங்கிட்டார்.”

ஆனால் ஒன்று. அறிவித்தலில் இருந்த எச்சரிக்கை உண்மையானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பூட்டுத் திருத்துபவன் வருவதை நிறுத்திவிட்ட வீடு அது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. கள்ளனுக்கு அது தெரியும். எச்சரிக்கை சரி, தீர்ப்புத்தான் பிழை. அப்படி இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் கச்சேரியில் ஒரு மாதம்கூட நிலைக்க மாட்டான். வீட்டை விட்டு ஓடவும் மாட்டேன், பூட்டில்லாமல் படுக்கவும் மாட்டேன். வேறு பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிளிநொச்சியில் ரிஸ்வானின் கணினிக் கடைக்குப் போனேன். ரிஸ்வானுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, புத்தளத்து முகாமில் வளர்ந்து, திரும்பி வந்தவர். எறியச் சொல்லாமல் முதலில் கேட்டார்:

“சேர், உங்களுக்கு அதில என்ன வேலை?”

இது சபைக்குரிய கேள்வி. பதில் சொன்னேன். அயலவருக்குக் காணி விண்ணப்பமும் ஓய்வூதிய முறைப்பாடும் தட்டுகிறேன். இணையத்தில் பத்திரிகை வாசிக்கிறேன். படங்கள் இருக்கின்றன. விளையாடுவதில்லை.

“அப்ப மூண்டு வழி. புதுசு வாங்கலாம். இல்லாட்டி உந்தத் தகுதிப் பரீட்சையை ஏமாத்திப் புதுசைப் பழசுக்குள்ள ஏத்தலாம், களவு வழி. நாளைக்குத் திருத்தம் வருமோ வராதோ தெரியாது. மூண்டாவது லினக்ஸ். இலவசம். திருத்தம் ஒழுங்கா வரும். பழைய பெட்டியிலயும் ஓடும்.”

“இலவசமாத் தாறவன் பிறகு என்ன கேப்பான்?”

“ஒண்டும் கேக்கமாட்டான் சேர்.”

“பேர், விலாசம், ஃபோன் நம்பர்?”

“அதுவும் கேக்கமாட்டான்.”

அங்கேயே பாதி மனம் அதற்குச் சாய்ந்துவிட்டது. நான் நான்தான் என்று நிரூபித்து நிரூபித்துச் சலித்தவன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை, பாஸ், அதைத் தந்தவரின் கடிதம், கடிதம் தந்தவர் யார் என்ற விளக்கம். வயதுபோன காலத்தில் என் வீட்டு மேசையில் என் கணினியும் அதையே கேட்கத் தொடங்கியிருந்தது. திறக்க ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு கடவுச்சொல், கடவுச்சொல் மறந்தால் ஃபோனுக்கு ஓர் இலக்கம். அந்த ஃபோன் நாயாற்றில் விழுந்ததை அது நம்பாது.

“ஆனா நிறைய வகை இருக்கு சேர். கட்டாயம் பாத்துத்தான் தெரியவேணும்,” என்று சொல்லி, மூன்று பென் டிரைவை எடுத்து ஒன்றைக் காட்டினார். “இதுக்குள்ள ஒரு முழு இயங்குதளம் இருக்கு. குத்திப்போட்டு எழுப்பினால் இதுக்குள்ள இருந்தே ஓடும். உங்கட பெட்டியில ஒண்டையும் தொடாது. பிடிக்காட்டி இழுத்துப்போட்டால் பழையபடி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இது எங்கட சேலைன் போத்தல்,” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வாரும், சொல்கிறேன் என்றேன்.

இனிக் கேள்விச் சபை கூடியது. தலைவர் நான், உறுப்பினர் நான், எதிர்ப்புத் தெரிவிப்பவர் யோகம். ரிஸ்வான் தந்த மூன்றில் முதல் வந்த இயங்குதளம் பார்க்க வெகு அழகு. ஜன்னல்கள் மிதந்து வந்து மிதந்து போயின. ஆனால் அது எழும்பி முடிய என் தேநீர் ஆறிவிட்டது. எழும்பிய பிறகும் விசிறி ஏரோப்பிளேன் மாதிரி இரைந்தது. நிராகரிக்கப்பட்டது. அடுத்தது மிகவும் இலேசு. ஒரு நொடியில் எழும்பியது. எழும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை, நாங்கள் முகாமில் இருந்த தறப்பாள் கொட்டில் மாதிரி நான்கு மூலையும் வெறுமை. எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று அதற்கே தெரியாது.

“உதுக்குள்ள இருந்து பழகிப்போட்டம்தானே,” என்றா யோகம், எட்டிப் பார்த்துவிட்டு. “இனியும் வேண்டாம்.”

மூன்றாவது நடுத்தரம். தேநீர் கைச்சூடாக இருக்கும்போதே எழும்பியது. இடதுபக்க மூலையில் ஒரு பட்டியல், பழகிய இடத்தில் பழகிய பொருள். எங்கள் ஊரில் மின்சாரம் சொல்லாமல் போகும் என்பதால், தட்டிக்கொண்டிருக்கும்போதே மின் ஆளியை நிறுத்திப் பார்த்தேன். திரும்ப எழுப்பியதும் முறைப்பாடு இல்லாமல் வந்தது. தட்டிய கடிதத்தையும் பென் டிரைவிலேயே காத்து வைத்திருந்து, மீட்டுத் தரட்டுமா என்று கேட்டது. பிறகு என் கடைசிப் பரீட்சை. நான் தமிழ் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவன். கொம்பை முதல் தட்டி எழுத்தைப் பிறகு தட்டும் கை. இந்த வயதில் விரல்களை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. அமைப்புகளுக்குள் தேடியபோது, பழைய தட்டச்சு விசைப்பலகை அங்கே சேர்க்க ஆயத்தமாக இருந்தது. எவனோ ஒருவன், எந்தச் சம்பளமும் வாங்காமல், என் போன்ற கிழவர்களின் விரல்களுக்காக அதைச் செய்து வைத்திருக்கிறான். ‘கௌரவ அரசாங்க அதிபர் அவர்களுக்கு’ என்று தட்டினேன். விரல்கள் தாமாகவே போயின. வேகம் என்று கணினிக்காரர்கள் எதைச் சொல்கிறார்களோ தெரியாது. எனக்கு வேகம் அதுதான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பழையதை அழித்து, புதியதை உள்ளே குடியிருத்துவது. அதற்கு முன் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தும்படி ரிஸ்வான் சொல்லியிருந்தார்.

இங்கேதான் ஒன்று நடந்தது.

எழும்பி ஓடிய காலங்களில் எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது. முக்கியமான எதையும் ஒரே பையில் வைப்பதில்லை. காணி உறுதிப் பத்திரம் என்னிடம், பிறப்புச் சான்றிதழ்கள் யோகத்திடம், நகை மகளின் பாவாடைக் கரைக்குள், மிச்சம் மலரிடம். ஒருவருக்கு ஏதும் நடந்தால் எல்லாம் போகக்கூடாது. அப்படிப் பிரித்தபடியால்தான் பாதியாவது மிஞ்சியது. என்னிடம் இருந்த உறுதி போய்விட்டது. யோகத்திடம் இருந்த சான்றிதழ்களை வைத்துத்தான் பிறகு மனிதர்களாகப் பதிவானோம்.

ஆகவே படங்களை நான்காகப் பிரித்து நான்கு பென் டிரைவில் போட்டேன். ஒன்று என் சட்டைப் பையில். ஒன்று யோகத்தின் கைப்பையில். ஒன்று சாமித்தட்டில். நான்காவதை வேலிக்கு அந்தப் பக்கம் ராசம்மாவிடம் கொடுத்தேன். ராசம்மாவின் பெற்றோர் மலையகத் தோட்டத்தில் இருந்து அந்தக் காலத்துக் கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். அவரும் எங்களைப் போலவே எழும்பி எழும்பி ஓய்ந்தவர். எந்தப் பொருளையும் நம்பிக் கொடுக்கலாம்.

“பத்திரமா வையும், ராசம்மா. ஒரு கிழமைக்குத்தான்.”

“குடுங்க ஐயா. நம்மகிட்ட இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

பழையதை அழித்தேன். புதியது குடிவந்தது. எல்லாம் நன்றாக ஓடியது. அந்தக் கிழமை முழுவதும் மழை. வானம் வெளுத்ததும் படங்களைத் திரும்ப ஏற்றத் தொடங்கினேன். கலியாணம் வந்தது, மகள் தவழ்ந்தாள், மாமா மாமி வந்தார்கள். மலர் இருந்தது நான்காவதில். வேலியடியில் நின்று கூப்பிட்டேன்.

ராசம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “பத்திரமாத்தான் இருக்கு ஐயா,” என்றார். பிறகு முகம் மாறியது. “இடந்தான்...”

புதைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பத்திரமா வையும் என்று வன்னியில் ஒருவரிடம் சொன்னால் அவர் வேறு என்னதான் செய்வார்? தையல் இயந்திரம், குத்துவிளக்கு, சைக்கிள், வானொலி, எல்லாவற்றையும் அப்படித்தானே பத்திரமாக வைத்தோம். நான்கூட முல்லைத்தீவில் அலுவலகத்தின் தமிழ் தட்டச்சு இயந்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி, மலர் டோர்ச் பிடிக்க, என் கையாலேயே வேப்பமரத்தடியில் தாட்டேன். “அத்தான், பொருட்பதிவேட்டில என்னெண்டு எழுதப் போறீங்கள்? மண்ணுக்கு மாற்றப்பட்டது எண்டோ?” என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. திரும்பிப் போனபோது வேப்பமரமே இல்லை.

ராசம்மா அடையாளமாக ஒரு செங்கல் வைத்திருந்தார். அவருடைய மருமகன் மழைக்குக் கோழிக்கூட்டை இடம்மாற்றியபோது அந்தச் செங்கல்லை எடுத்துக் கூட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். வெள்ளம் வேறு முற்றத்தை மெழுகிவிட்டிருந்தது. நாங்கள் மூன்று கிழடுகளும் மண்வெட்டியும் அலவாங்குக் கம்பியுமாக நின்றோம். கோழிகள் எங்களைப் பார்த்து நின்றன.

“இந்த முருங்கைக்கும் வேலிக்கும் நடுவுலதான் ஐயா. சத்தியமா.”

கிண்டினோம். ஒரு பழைய செருப்பு வந்தது. போத்தல் ஓடு வந்தது. தண்ணீர் ஊறி வந்தது. யோகம் குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னா:

“உங்களிட்டக் குடுத்த உறுதிதான் துலைஞ்சது. என்னட்ட இருந்தது துலையேல்லை. அவளை என்னட்டத் தந்திருக்கலாம்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு வெட்டு வெட்டினேன். என் நினைப்பெல்லாம் அப்போது, குழி பொய்த்துப்போனால் இந்த மனிசிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். இரண்டாவது தரமும் தேடிக் காணாமல் திரும்புவதா?

“விடமாட்டம்,” என்றா யோகம், என் நினைப்பு கேட்ட மாதிரி. “முத்தம் முழுக்கக் கிண்டுவம். கோழிக்கூட்டைத் தூக்குங்கோ.”

“தூக்குங்கம்மா, அந்தக் கோழி கெடக்குது!” என்று ராசம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். மூவரும் சேர்ந்து கூட்டை இழுத்தோம். அதற்கு அடியில், முதலில் கிண்டிய இடத்தில் இருந்து நான் நம்பவே முடியாத தூரத்தில், அலவாங்கு ‘ணங்’ என்றது.

பால்மா டின். மேலே மூன்று ஷொப்பிங் பை சுற்றி, சைக்கிள் ரியூப் அறுத்த வளையத்தால் இறுக்கியிருந்தது. மூடியின் ஓரத்தில் மெழுகுதிரி உருக்கி ஊற்றியிருந்தது. திறந்தால் உள்ளே நிறைய உமி. உமிக்குள் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பென் டிரைவ். உமியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சரசரவென்று உலர்ந்திருந்தது. குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

“தண்ணி போகாது ஐயா. தோட்டைக்கூட அப்படித்தான் வச்சிருந்தேன், வந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன்,” என்றார் ராசம்மா, காதைத் தொட்டுக் காட்டி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரிஸ்வான் வந்தார். நடந்ததைக் கேட்டு அவருக்குத் தேநீர் புரையேறியது.

“சேர், ஏன் பிரிச்சனீங்கள்? பேப்பரோ இது? நாலிலயும் எல்லாத்தையும் போட்டிருக்கலாமே!”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுவதும் காபன் தாள் வைத்து மூலப்பிரதி, அலுவலகப் பிரதி, கோப்புப் பிரதி என்று எடுத்துத் தள்ளியவன் நான். பிரதி எடுக்காத கடிதத்தைத் திருப்பி அனுப்பியவன். ஆனால் ‘அழிக்கப்போகிறோம், எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்’ என்று கேட்டதும் எனக்குள் இருந்த இலிகிதர் எழும்பி ஓடிவிட்டார். மேசையில் மிஞ்சியது ஓர் அகதி. அவனுக்குப் பிரிக்கத்தான் தெரியும்.

இப்போது எல்லாம் நான்கு பிரதி. ஒன்று சாமித்தட்டில், ஒன்று என் மேசையில். ஒன்று யோகத்தின் கைப்பையில், அதை அவா எனக்குத் தொடத் தருவதில்லை. நான்காவதை ராசம்மா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார், டின்னோடு. இந்த முறை செங்கல்லைச் சீமெந்து போட்டு ஒட்டியிருக்கிறார். கனடாவில் இருந்து மகள் இதைக் கேட்டு, “அப்பா, உலகத்தில ஒருத்தரும் இப்பிடி பக்கப் எடுக்கிறேல்லை” என்றாள். எடுக்கமாட்டார்கள்தான். அவர்களுக்கு எங்களைப்போல அனுபவம் காணாது.

அன்று ரிஸ்வானுக்கு மலரின் படத்தைத் திறந்து காட்டச் சொன்னா யோகம். வேறு எவருக்கும் காட்டாதவ. தகுதியற்ற கணினி அதை ஒரு நொடியில் திறந்தது. நாயாற்று வெளிச்சம், கலைந்த தலை, சிரிப்பு. ரிஸ்வான் குனிந்து பார்த்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, கைப்பிடியைத் தொட்டுக் கேட்டார்:

“இதென்ன சேர், மோட்டார் சைக்கிளுக்குச் சேலைன் ஏத்தியிருக்கு?”

போத்தல் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. குழாயின் நுனி அவளுடைய விரல்களுக்குள் இருந்தது. நான் எத்தனையோ தரம் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவள் படத்துக்காக ஏறி இருக்கவில்லை. வண்டியை எழுப்பப் போகிறாள்.

வன்னியில் ஓடிய அந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்றுகூட இன்று தெருவில் இல்லை. வெள்ளைப் புகை இல்லை. மண்ணெண்ணெய் மணக்கும் கச்சேரியும் இல்லை, குளிரூட்டி போட்டிருக்கிறார்கள். தட்டச்சு இயந்திரம் எந்தக் கட்டடத்துக்குக் கீழேயோ பொலித்தீனுக்குள் கிடக்கிறது. அந்தப் போத்தல் எதற்கு என்று கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஆட்கள் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டு வருகிறார்கள். இன்னும் கொஞ்சக் காலத்தில் அந்தப் படம் மட்டும்தான் மிஞ்சும்.

நான் ரிஸ்வானுக்குச் சொல்லத் தொடங்கினேன். யோகம் என்னை மறித்தா.

“நீங்கள் சொல்லவேண்டாம். உங்களுக்கு அது ஒருநாளும் எழும்பேல்லை,” என்றுவிட்டு, கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்தா. “இஞ்ச பாருங்கோ தம்பி, முதல்ல போத்தலை இப்பிடி ஓர் அமத்து அமத்துவாள்...”